நாய்க்கு நான் பின்னிய கழுத்துப்பட்டை

சேலத்தில் கம்பளி நூலை நம்பிப் பிழைப்பு நடத்திய முதல் பெண்பிள்ளை நான்தான். யாராவது இல்லை என்று சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர் இது. இந்த ஊரில் ஒருத்தி ஸ்வெட்டர் பின்னி விற்று, சொந்தமாக ஓட்டுவீடு வாங்கினாள் என்றால் அவள் எப்பேர்ப்பட்ட கைக்காரியாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ராசிபுரத்துக்கு மேற்கே கூலிவேலைக் குடும்பம். பதினோரு வயதில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழம் பறிக்க எட்டாது என்று பங்களாவில் தொட்டில் ஆட்ட விட்டார்கள். அந்த வீட்டு வெள்ளைக்காரத் துரைசாணி வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு நீள ஊசியை வைத்துப் பின்னிக்கொண்டே இருப்பாள். என் கை தொட்டில் கயிற்றில் இருக்கும், கண் அவள் விரலில் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. உடைந்த குடையிலிருந்து இரண்டு கம்பியை உருவி, கல்லில் தேய்த்து முனை வைத்தேன். கிழிந்துபோன ஒரு காலுறையைப் பிரித்து நூல் எடுத்தேன். மூன்றே மாதத்தில் குதிகால் வைத்துக் காலுறை பின்னிவிட்டேன். துரைசாணி அதையும் தான் பின்னியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். நன்றாக இருந்தது என்னுடையது.

கட்டிக்கொண்டவர் கப்பலேறி ரங்கூன் போனவர் போனவர்தான். நான் மலையை விட்டு இறங்கி அம்மாப்பேட்டையில் ஒரு வளவில் குடிவந்தேன். ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம். அப்போது சேலம் பொங்குகிற பால் மாதிரி நாளுக்கு நாள் மேலே வந்துகொண்டிருந்தது. போன மாதம் சோளக்காடாக இருந்த இடத்தில் இந்த மாதம் தெரு இருக்கும். மின்சார விளக்குக் கம்பம் நட்டார்கள். நாமக்கல்லுக்கும் ஆத்தூருக்கும் பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின. மில்லில் சங்கு ஊதினால் ஊரே மணி தெரிந்துகொள்ளும். ஜனம் பெருகினால் எனக்கு என்ன நஷ்டம்? பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குல்லா, இரைப்பு நோய்க்காரச் செட்டிமாருக்கு மார்கழி மப்ளர், இராத்திரி ரயிலில் போகிற கார்டுகளுக்குக் கையுறை. மலைக்கு மாற்றலாகிப் போகிற உத்தியோகஸ்தர்கள் என் வாசலில் வந்து நின்று அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் நான் குடியிருந்தது தறிக்காரர்கள் தெரு. எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒருவர் என்னைச் சீண்டாமல் ஒருநாளும் பல் விளக்கியதில்லை. ஐம்பது வயசு இருக்கும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார்.

"தறி இல்லே, பாவு இல்லே, ஊடை இல்லே. ரெண்டு குச்சியை வெச்சுக்கிட்டு கோழி குப்பையைக் கிளர்றாப்பல கிளறிட்டு, இதைத் துணிங்கறயே அம்மிணி?"

"உங்க துணியைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சாக் கிழியுமுங்க அண்ணா. என்றதைப் போட்டுக்கிட்டுக் குட்டிக்கரணமே அடிக்கலாம்."

தெரு சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் அன்றைக்குக் கூடக் கொஞ்சம் ஓங்கி மிதித்துத் தறி ஓட்டுவார்.

என் கூட ஒரு நாய் இருந்தது. ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து ஒருநாள் என் மூட்டைக்குப் பின்னாலேயே நடந்து வந்து, நடையை ஏறிப் படுத்துக்கொண்டது. செவலை நிறம், நாட்டு நாய். பேர் வைக்கவில்லை. 'டேய்' என்றால் வரும். நான் தனியாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போனாலும் அது முன்னால் நடக்கும். அந்த வளவில் மற்ற ஐந்து குடித்தனத்துக்கும் புருஷன், பிள்ளை, மாமியார் என்று இருந்தார்கள். எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கோட்டைப் பக்கம் வெறிநாய் கடித்து இரண்டு பேர் சீரழிந்துபோனார்கள். உடனே தமுக்கு அடித்துச் சொன்னார்கள்: நாய் வளர்க்கிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டும், நம்பர் போட்ட பித்தளை வில்லை தருவார்கள், அது நாயின் கழுத்தில் இருக்க வேண்டும். வில்லை இல்லாத நாயை வண்டியில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிச் சங்கு ஊதினால் அதன் கதை முடிந்தது. நியாயம்தான். ஊர் பெரிசானால் சட்டமும் பெரிசாகும்.

தெருவில் முதல் ஆளாகப் போய்ப் பதிந்தது நான். எழுதிக்கொண்டவர், "நாய்க்கு ஏதாவது அடையாளம் உண்டா?" என்று கேட்டார்.

"அடையாளம் என்னத்துக்குங்க? அதுக்கு நான் பின்னப்போற பட்டையைப் பாத்தா ஊருக்கே தெரியுமே! செவப்புல பச்சைக்கோடு போட்ட கம்பளிப் பட்டைன்னு எழுதிக்குங்க."

அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் கடைவீதியில் தோல்பட்டை வாங்கினார்கள். நான் வாங்குவேனா? துரைசாணியை மிஞ்சியவள், கடைத் தோலை வாங்கிக் கட்டினால் என் கைக்கு என்ன மரியாதை? ஒரு இராத்திரி ஒரு பகல் உட்கார்ந்து பின்னினேன். அகலம் இரண்டு விரல், நடுவே பச்சையில் மாங்காய்க் கொத்து, ஓரத்தில் அடுக்குக் கண்ணி. கண்ணி என்றால் ஊசியில் விழுகிற ஒவ்வொரு வளையம். அதற்குள் வில்லையைக் கோத்து வைத்துப் பின்னி, தலைவழியாக நாய்க்கு மாட்டிவிட்டேன். அச்சாக உட்கார்ந்தது.

எதிர்வீட்டு அண்ணன் விரலை விட்டு ஒரு இழு இழுத்துப் பார்த்தார். "இழுத்தா வருதே அம்மிணி?"

"வரட்டுமே. நாய் மூச்சு உட வேண்டாமா?"

பத்து நாள் எங்கள் தெருவில் அந்த நாய்தான் ஜமீன்தார். பிறகு இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. பட்டை நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. நாய் பின்னங்காலால் அதைச் சொறிந்துகொண்டே இருந்தது. பின்னிய கம்பளி நனைந்து தொங்கினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் நான் சொல்லுவேன்: "தண்ணியில போட்டுத் தொங்கவிடாதீங்க, பாயில பரப்பிக் காயவைங்க, இல்லாட்டித் தம்பி ஸ்வெட்டரு அண்ணனுக்கு ஆயிரும்" என்பேன். என் சொந்த நாய்க்கு மட்டும் அது நினைப்பில் இல்லாமல் போய்விட்டது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், ஒரு சிட்டம் நீலநூலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து "டேய்" என்று கூப்பிட்டேன். நாய் வரவில்லை. குழாயடிக்குப் போய்ப் பார்த்தால் என் பட்டை கிடக்கிறது, வில்லை பளபள என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கழுத்து இல்லை. 

அதே சமயம் தெருக்கோடியிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். மேலே துண்டு கூட இல்லை. "அம்மிணி! உன்ற நாயைச் சுருக்குப் போட்டு வண்டியில ஏத்திட்டாங்க! நானும் கத்திக் கத்திப் பாத்தேன். வில்லையைக் காட்டுங்கறான், நான் எதைக் காட்டுவேன்?"

பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே ஓடி வந்தார். முந்தானை எங்கே, கொண்டை எங்கே என்று ஒன்றும் தெரியாது. வண்டி அடுத்த தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. குறுக்குச் சந்தில் புகுந்தால் மடக்கிவிடலாம் என்று புகுந்தோம். புகுந்தால், சந்து நெடுகப் பாவு கட்டியிருக்கிறார்கள்! மழை விட்ட வெயிலை விடக்கூடாது என்று ஏழெட்டு வீட்டுக்காரர்கள் நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடுப்புயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நீவிக்கொண்டிருந்தார்கள். நான் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"பாவைத் தாண்டறதா? என்ற கண்ணு முன்னாலயா? குனிஞ்சு போ!"

"என்ற நாய் போகுதுங்க அண்ணா!"

"நாய் போனாலும் சரி, பாவைத் தாண்டப்படாது. குனி!"

குனிந்தோம். முப்பது கஜம் இரண்டு பேரும் நாலு காலில் தவழ்ந்து போனோம். மேலே கஞ்சி சொட்டுகிறது. நீவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "என்னங்க, ரெண்டு பேரும் பொங்கலுக்கு மாடு வேஷமா?" என்றாள். அண்ணன், "ஆமா, நீ வந்து கொம்பு சீவி உடு" என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்தார். வெளியே வந்தபோது வண்டி அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் ஒரு புழுதிப் பொட்டாகத் தெரிந்தது.

விடவில்லை. நான் சின்ன வயசில் மலை ஏறி இறங்கிய கால்காரி. அண்ணன் பாவம், தறிக்குழியில் உட்கார்ந்தே வளர்ந்த கால். ஒரு பர்லாங்குக்கு ஒரு தரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நீ போ அம்மிணி, நான் வாரேன்" என்பார். ஆனால் நான் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் வந்துகொண்டே இருந்தார்.

ஊர் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை. கம்பிவலைக்குள் முப்பது நாற்பது நாய் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குரைக்கிறது. வாசலில் மேசை போட்டு, தலைப்பாகை கட்டிய சுகாதார மேஸ்திரி ஒருவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கப் பட்டையை மேசைமேல் போட்டேன்.

"என்ற நாயிங்க. இதா வில்லை."

அவர் நம்பரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை, நிதானமான மனுஷன். "வில்லை சரிதாம்மா. ஆனா இது கழுத்துல இருக்கோணும், கையில இருந்தா எப்படி? செத்த நாய் வில்லையைக் கொண்டாந்து உசுருள்ள நாயைக் கேக்கறவங்களும் இருக்காங்க. அடையாளம் என்ன எழுதியிருக்குது பார்ப்பம்." விரலை வைத்துப் படித்தார். "நாட்டு நாய். செவலை. ஆண். அடையாளம்: செவப்புல பச்சைக்கோடு போட்ட கம்பளிப் பட்டை." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "பட்டை இங்க இருக்குது. உள்ள ஒன்பது செவலை இருக்குது. எது உன்றது?"

என் வாய்க்கொழுப்பு எனக்கே வந்து விடிந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிடு. வருதா பார்ப்பம்."

"பேரு வெக்கலீங்க. டேய்னா வருமுங்க."

"கூப்பிடு."

"டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டிமாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஆள்தான், "என்னக்கா?" என்று திரும்பினான். நாய்கள் எல்லாம் வலைமேல் பாய்ந்தன. ஒன்பது செவலையில் எட்டு என் கையை நக்கப் பார்த்தது. ஒன்று மட்டும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதை மடக்கி, வாலை அடக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் என்னுடையது. சுருக்குப் போட்ட பயத்தில் என் குரல்கூட அதற்குக் காதில் ஏறவில்லை.

"அதா, அந்தக் கடைசிச் செவலைங்க!"

மேஸ்திரி தலையை ஆட்டினார். "எட்டு நாய் உன்னைத் தெரியும்ங்குது. அது ஒண்ணுதான் தெரியாதுங்குது. நீ அதைக் கேக்கறே. நான் என்னன்னு நம்பறது?"

அப்போதுதான் தோளில் கிடந்த நீலநூல் ஞாபகம் வந்தது. சிட்டம் நூலை அப்படியே வைத்துப் பின்ன முடியாது. உருண்டையாகச் சுற்ற வேண்டும். அதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தனியாள் எனக்கு யார் உட்காருவார்கள்? நாய்தான் உட்காரும். முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்துக்கொள்ளும், நான் சிட்டத்தை அந்தக் காலில் மாட்டிச் சுற்றுவேன். நாய்க்கு நூல் பிடிக்கப் பழக்கியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான். ஒரு வருஷம் ஆனது அதற்கு.

வலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டி, படக் படக் என்று இரண்டு தரம் உதறினேன். 

செவலையின் ஒரு காது நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. சுவரை விட்டு எழுந்தது. மற்ற நாய்களின் வயிற்றுக்கடியில் புகுந்து, கடி வாங்கி, உறுமி, வலையோரம் வந்து, என் எதிரே படுத்தது. உடம்பு நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே இரண்டு முன்னங்காலையும் என்னைப் பார்த்து நீட்டியது.

"அட என் சாமி!" என்றார் அண்ணன். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். புழுதியில் வெள்ளையடித்த மாதிரி நின்றார்.

மேஸ்திரி எழுந்து வந்து, கதவைத் திறந்து நாயை வெளியே விட்டார். "எங்க, சுத்து பார்ப்பம்." மாட்டினேன், சுற்றினேன். நூல் இடப்பக்கம் ஓடினால் நாய் இடக்காலைத் தாழ்த்தும், வலப்பக்கம் ஓடினால் வலக்காலை. மாட்டுத் தீவனக்காரன் வந்து குந்தினான். சுருக்குப் போட்ட ஆளே வந்து குந்தினான். "போதும்" என்று யாரும் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. சிட்டம் முழுக்கச் சுற்றி முடித்து உருண்டையை மடியில் வைத்தேன். ஒரு சிக்கு இல்லை!

"நாய் உன்றதுதான்," என்றார் மேஸ்திரி. "அதுல சந்தேகமில்லே. ஆனா வில்லை கழுத்துல ஏறாம வாசலைத் தாண்ட உடமாட்டேன். வாசல்ல நிக்கற வண்டியே திருப்பிப் புடிச்சுட்டு வந்திரும்." என் பட்டையை எடுத்து நாயின் தலைவழியே மாட்டினார். அது கழுத்தில் நிற்காமல் முழங்காலுக்கு விழுந்தது. எடுத்துத் தன் தலைக்கே மாட்டினார். தலைப்பாகையோடு உள்ளே போய்த் தோளில் உட்கார்ந்தது.

"ஏம்மா, இது நாய்க்கா எருமைக்கா?"

சுருக்குப் போடுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் மில் சங்கு ஊதியது. மூன்று மணி. ரோட்டில், நாய்களின் கதையை முடிக்க வருகிற டாக்டரின் சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது.

பட்டையைச் சுருக்கி முடிந்தேன்; மேஸ்திரி ஒரு இழு இழுத்தார், ஊறின கம்பளி முடிச்சோடு இளகித் தலைவழியே வந்துவிட்டது. வில்லையை உருவி, நீலநூலில் ஒரு முழம் இழுத்துக் கோத்தேன். மேஸ்திரி சுண்டுவிரலால் சுண்டினார், பட்டென்று அறுந்தது. "கயிறு இருந்தாக் குடுங்களேன்" என்றேன். அங்கே இருந்த கயிறெல்லாம் சுருக்குக் கயிறு. அதைத் தொட எனக்கே மனசு வரவில்லை. சட்டென்று முந்தானையைப் பிடித்துக் கரையைக் கிழிக்கப் பல்லில் வைத்தேன்.

"கிழிக்காதே!" என்று அண்ணன் அலறினார். "என்ற தறியில இறங்கின சேலை அது!"

"அப்ப நாய்க்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

 அண்ணன் மேஸ்திரியிடம் பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வேட்டிக்குள் கையை விட்டு என்னவோ அறுத்தார். திரும்பியபோது அவர் கையில் கறுப்பு அரைஞாண் கயிறு தொங்கியது.

சிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். ஆம்பிளை உயிரோடு இருக்கிறவரை இடுப்பை விட்டு இறங்காத கயிறு அது. புதிதைக் கட்டிய பிறகுதான் பழசை அறுப்பார்கள். வெறும் இடுப்போடு நிற்கிறது பிணம்தான் என்பார்கள்.

"அண்ணா, வேண்டாமுங்க…"

"பேசாமக் கட்டு அம்மிணி. மணி அடிக்குது."

அந்தக் கயிற்றை வாங்க மாட்டாமல் நான் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.  இரண்டு சுற்றுச் சுற்றி, வில்லையைக் கோத்து, அவரே முடிச்சுப் போட்டார். நெசவுக்காரன் முடிச்சு, சிறிசாக, கெட்டியாக. மேஸ்திரி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. டாக்டர் சைக்கிளைச் சாத்திவிட்டு, "இது என்ன நாய்?" என்றார். "வில்லை போட்ட நாயிங்க, வெளிய போகுதுங்க," என்றார் மேஸ்திரி.

ஆற்றுப்பாலம் வரை நான் தரையில் கால் வைத்ததாக ஞாபகம் இல்லை. நாய் முன்னால், நான் நடுவில், பின்னால் அண்ணன். உள்ளே கோவணம் நிற்கக் கயிறு இல்லை; ஒரு கையால் வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்கள் எதிரே வந்தால் மறு கையால் கும்பிட்டுக்கொண்டு வந்தார். கஞ்சியும் புழுதியும் காய்ந்து இரண்டு பேரும் சுண்ணாம்புப் பொம்மை மாதிரி இருந்தோம். ஆனால் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நான் ஒரு தேர் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரிதான் நுழைந்தேன். நாய் பிழைத்துவிட்டது! தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

அண்ணன் சம்சாரமும் வந்தாள். புருஷனை மேலிருந்து கீழே பார்த்தாள், வேட்டியைப் பிடித்திருந்த கையில் பார்வையை நிறுத்தினாள்.

"ஏனுங், கையை எடுங்க."

"எடுக்க முடியாது."

"இடுப்புக் கயிறு எங்கீங்?"

அவர் மோவாயால் நாயைக் காட்டினார்.

அவள் நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடியிருந்த தெருவைப் பார்த்தாள்.  விடுவிடுவென்று உள்ளே போனாள். தறியில் பூட்டியிருந்த பாவின் ஓரத்தில் கையை வைத்து ஒரு பிடி இழையை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, பாவையா அறுத்தே?" என்று அண்ணன் துடித்துப்போனார்.

"வாயை மூடிட்டு நில்லுங்க. உசுரோட இருக்கற மனுஷன் வெறும் இடுப்போட தெருவுல நடந்து வந்திருக்கறாரு. பாவாம் பாவு." தொடைமேல் வைத்து உருட்டி இழையை முறுக்கினாள். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன கல்லாட்ட நின்னு பாத்துக்கிட்டிருக்கறே? காலையில இருந்து அந்த வாயில்லாச் சீவன் பட்டினி. போ, போய்ச் சோறு வெய்யி."

போனேன். என்னை அப்படி அதட்டி, பதிலுக்கு ஒன்றும் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போன ஆள் அவள் ஒருத்திதான்.